எங்கள் தெருக் கிணறு சாமியான கதை

கேன் தண்ணீர் வந்து இறங்கியதும் முதல் டம்ளரை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தானே குடிக்கிறீர்கள்? எனக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டிய மூக்கு எதையும் லேசில் நம்பாது. ஆறாம் வகுப்பில் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் மறந்திருப்பீர்கள், அல்லது மறந்துவிட்டதாகச் சொல்வீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்துவிட்டது. மலைப்படிகளில் மிதிபட்ட காவடிப் பூக்கள் காய்ந்து காற்றோடு எங்கள் தெருவரைக்கும் வந்து கிடந்தன. மொட்டைத் தலைகளின் சந்தன வாசனை போய், மறுபடி கஞ்சி வாசனை. விடிகாலையில் தறியில் ஏற்றப்போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். காக்கைகள் வரிசையாகக் காத்திருக்கும். வெயில் ஏறினால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் கொல்லையில் சாயப்பட்டறை போட்டிருந்தார். அதுவரை தெரு நூலெல்லாம் வெளியூர் போய்ச் சாயம் ஏறி வரும். கேட்ட சிவப்பு ஒன்று, வந்த சிவப்பு ஒன்று. நைனா சாயம் காய்ச்சும் கொப்பரை வைத்ததும் தெருவே அவரைத் தூக்கி வைத்துக்கொண்டது. மூங்கில் கழிகளில் ஈர நூல் தொங்கும். கொல்லை முழுக்க காஸ்டிக் சோடா நெடி. நைனாவின் விரல்களைப் பார்த்து அன்றைக்கு எந்தக் கொப்பரை என்று சொல்லிவிடலாம். அவர் தோலின் சொந்த நிறம் எது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. சாயம் போட்டு மீந்த தண்ணீரைக் கொல்லைக் குழியில் கொட்டுவார். எவ்வளவு கொட்டினாலும் குழி நிரம்பாது.

"நல்ல மண்ணு. குடுக்கக் குடுக்க வாங்கிக்குது" என்பார்.

வாங்கியதை அந்த மண் எங்கே கொண்டுபோய் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. குழிக்குப் பதினைந்து தப்படி தள்ளிக் கிணறு. ஐந்து வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர். பார்வைக்குப் பளிங்கு. பிற்பாடு யோசித்தால் ஓரத்தில் லேசாக ஒரு கைப்பு இருந்திருக்கிறது. அப்போது அது எங்கள் வீட்டுத் தண்ணீரின் ருசி, அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் டீச்சர் வந்தார். கனகம்மாசத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி, காலை பஸ்ஸில் வருவார். இருபத்து மூன்றோ நான்கோ வயது. கல்யாணம் ஆகவில்லை. கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். எங்கள் தெரு சந்தேகப்பட அந்தக் கடிகாரமே போதும்.

"கடியாரம் பாத்தியா?" என்றாள் எதிர்வீட்டு அத்தை, பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே. "அப்பன் குடுத்ததா இருந்தா தோடு குடுத்திருப்பான். இது எவன் குடுத்ததோ."

டீச்சர் அறிவியல் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பது இரண்டாவது சந்தேகம். எங்களை வரிசையாக ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மழைக் குட்டைக்கு அழைத்துப் போனார். "பொம்பளப் புள்ளைங்கள வெயில்ல இட்டுக்கினு போயி இன்னாத்த காட்றா?" என்று பேச்சு கிளம்பியது. காட்டியது தவளை முட்டை. அதுவும் நான்கு தப்படி தள்ளி நின்று, புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு காட்டினார். டீச்சருக்குத் தவளை என்றால் பயம்.

மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர்கள் வீட்டுப் பையன் ஒருவன் நம் வகுப்பில் இருந்தானே, அவன் ஒன்றைப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "கடிக்காது டீச்சர். நாக்கு மட்டுந்தான் நீளம், எங்க பெரியப்பாவாட்டம்" என்றான். டீச்சர் சிரித்தார். கிட்டே மட்டும் வரவில்லை.

இயற்கையை நேசி, பூமி நம் தாய் என்றெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆளுக்கொரு ஊறுகாய் பாட்டில் கொண்டுவரச் சொன்னார். வீட்டில் குடிக்கிற தண்ணீர் முக்கால் பாட்டில். குட்டையில் பிடித்த தலைப்பிரட்டை, அதாவது வாலுள்ள தவளைக் குஞ்சு, ஐந்து. வேகவைத்த கீரை ஒரு கிள்ளு. வாய்க்குத் துணி கட்டி, பெயர் எழுதி ஒட்டி, ஜன்னல் ஓரமாக வரிசையாக வைத்தோம். காலையில் வந்ததும் எண்ண வேண்டும்.

"எண்ணுங்க, எழுதுங்க. பக்கத்துல இருக்கறவங்க நோட்டைப் பாத்து எழுதாதீங்க. அவங்களும் தப்பா எண்ணியிருக்கலாம்." அவருடைய பாடம் மொத்தமே இதுதான். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் வாலை உதறியதை நினைத்தால், இப்போதும் கண்ணுக்குள் எதுவோ நெளிகிறது.

மூன்றாம் நாள் காலை என் பாட்டிலில் ஐந்தும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

மற்ற பாட்டில்களில் எல்லாம் உயிர். மறுபடி ஐந்து போட்டேன். மறுபடி மூன்றே நாள். "சாயக்காரி கை பட்டா சாவும்" என்றீர்கள். யார் முதலில் சொன்னது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது; எழுத மாட்டேன். டீச்சர் அதட்டவில்லை. என் வீட்டுத் தண்ணீரை மடைப்பள்ளிப் பையன் பாட்டிலிலும், அவன் வீட்டுத் தண்ணீரை என் பாட்டிலிலும் மாற்றி ஊற்றச் சொன்னார். இந்தத் தரம் என் கையில் இருந்தவை பிழைத்தன. அவன் கையில் இருந்தவை செத்தன. அவன் அழுதான். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அது கை ராசி இல்லை என்றால், தண்ணீர்.

டீச்சர் தெருவுக்கு வந்து வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தார். எந்தக் கிணறு, வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை. கேட்ட காலம்தான் கெட்ட காலம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள், வாத்தியார்கள்தான் ஆள் கொண்டுவர வேண்டுமாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பிள்ளைகளை எண்ணுகிற டீச்சர் வேறு எதற்கு எண்ணுவார்? அவர் தெருமுனையில் திரும்பினாலே ஆண்கள் மறைந்தார்கள்.

என் பெரியக்காவை அடுத்த வீட்டில்தான் கொடுத்திருந்தது. அக்கா புருஷன், எனக்குப் பாவா, தறிக்குழிக்குள் குந்திக்கொண்டு மேலே பாயை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வீட்ல ஆம்பளைங்க இல்லையா?" என்றார் டீச்சர்.

"இல்லீங்க டீச்சரம்மா. பள்ளிப்பட்டு போயிருக்காரு" என்றாள் அக்கா.

பாய்க்கு அடியிலிருந்து ஒரு தும்மல்.

"பூனைங்க."

"பூனைக்கு நல்ல ஜலதோஷம். கஷாயம் வச்சுக் குடுங்க" என்று டீச்சர் நோட்டை மூடிக்கொண்டு போனார். பாவா அந்த வாரம் முழுக்க இதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார், தும்மிக்கொண்டே.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். உச்சி வெயில். நைனா கொப்பரையில் இருந்து நீல விரல்களோடு வாசலுக்கு வந்தார். அம்மா, "வெயில்ல வந்திருக்கியே, மொதல்ல தண்ணி குடிம்மா" என்று சொம்பில் நீட்டினாள். டீச்சர் வாங்கினார். உள்ளே பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

எதிர்வீட்டு அத்தை பார்த்தாள். பாவா பார்த்தார். கிணற்றடியில் குடத்தோடு நின்ற அக்கா பார்த்தாள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தவர், கொடுத்த தண்ணீரை வாயில் வைக்காமல் கீழே வைத்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் சாதி என் தொண்டையில் இறங்காது என்று அர்த்தம். சண்டைக்காரன்கூட ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவான்.

டீச்சருக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் முகம் அப்படி வெளுத்தது. "ஐயா, நீங்களும் இதைக் குடிக்காதீங்க. உங்க பொண்ணு கொண்டுவந்த தண்ணியில மூணு தரமும் தலைப்பிரட்டை செத்துப்போச்சு, நோட்டுல எழுதியிருக்கா. சாயக்குழித் தண்ணி கிணத்துக்கு வருதுன்னு நினைக்கிறேன்."

"உன்ன யாரு அனுப்பிச்சது?"

"யாரும் அனுப்பலைங்க."

"வெளியூர் பட்டறைக்காரன் அனுப்பிச்சானா? அவன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும்."

"எண்ணிப் பாத்தோம், அவ்வளவுதாங்க."

"என் வூட்டுத் தண்ணி வாணாம், என் பொண்ணு நோட்டு மட்டும் வேணுமா ஒனக்கு?"

டீச்சர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு அப்போது ஆறு மாசம். முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போய், இது இரண்டாவது. "இவங்களாவது..." என்று ஆரம்பித்தார். அம்மா நடுவில் வந்து நின்றாள். "வாய மூடும்மா. மாசமா இருக்கறவ எதிர்ல கெட்ட பேச்சு பேசாதே. போ."

போனார். சொம்பு அங்கேயே இருந்தது. மாலையில் அத்தை அதைத் தெருவில் கவிழ்த்தாள்.

புகார் எழுதியது பாவா. சாதி பார்க்கிறார், ஆபரேஷனுக்குக் கணக்கெடுக்கிறார், பிள்ளைகளைச் சாக்கடைப் பூச்சியில் கை வைக்கச் சொல்கிறார். பெரிய வாத்தியார் தெரு ஆண்களை எங்கள் வகுப்புக்கே வரவழைத்தார். டீச்சர் ஜன்னல் ஓரம் நின்றார், அந்தப் பாட்டில்களுக்குப் பக்கத்தில். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"நெசவுக்காரங்க வீட்ல தண்ணி குடிக்கமாட்டேன்னு டீச்சர் சொன்னாங்களா? பயப்படாமச் சொல்லு" என்றார் பெரிய வாத்தியார்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு விரல்கள் சிவப்பு.

"ஆங்" என்றேன்.

டீச்சர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "உன் நோட்டு எங்க?"

"காணோம் டீச்சர்."

நோட்டு முந்தின நாளே கொப்பரை அடுப்பில் போயிருந்தது. போட்டது நைனா இல்லை. நான். ஒரு குழந்தை தன் அப்பாவுக்காக எதை எல்லாம் எரிக்கும் என்று இந்த வயதில் யோசித்தால் பயமாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அன்று வகுப்பில் இருந்தீர்கள். எண்ணியவர்கள். உங்களிடம் நோட்டு இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதே வாரம் டீச்சரைப் பள்ளிப்பட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஜன்னலில் இருந்த பாட்டில்களைப் பள்ளிக்கூடத்துப் பியூன் வாசலில் கவிழ்த்தார். பாதி வால் மிச்சமிருந்த குட்டித் தவளைகள் ஈரத் தரையில் எங்கே போவதென்று தெரியாமல் குதித்தன.

இதோடு முடிந்திருந்தால் நானும் உங்களைப் போல மறந்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைனா என்னைக் கூப்பிட்டார். "அந்தக் குட்டையில இன்னும் கீதுங்களா அந்தப் பூச்சிங்க?"

"கீது நைனா."

"பத்து புடிச்சிக்கினு வா. யாராச்சும் கேட்டா மருந்துக்குன்னு சொல்லு. அந்தப் பொண்ணு அதுல இன்னாவோ போட்டுகினு இருந்திருக்கா. நான் பாக்கறேன்."

இரண்டு பாட்டிலைச் சாம்பல் போட்டு அவரே தேய்த்தார். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் மலையடிவாரக் கிணற்றுத் தண்ணீர், அதையும் அவரே போய்ச் சேந்தி வந்தார். யாரையும் நம்பவில்லை, என்னையும் சேர்த்து. கண்ணுக்கு நேராகத் தறிமேல் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் நெய்தார். வேறு யாரும் கிட்டே போகக் கூடாது. கீரையை அவரே கிள்ளிப் போட்டார். காலையில் உதடு அசைய எண்ணினார். டீச்சர் சொன்ன மாதிரி எண்ணிய ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் டீச்சர் மெச்ச வேண்டும் என்று எண்ணினோம். அவர் டீச்சரைப் பொய்யாக்க எண்ணினார்.

மூன்றாம் நாள் ஒரு பாட்டிலில் ஐந்தும் நீந்தின. எங்கள் தண்ணீரில் ஐந்தும் மிதந்தன. நைனா இன்னொரு தரம் எண்ணினார். பிறகு இரண்டு பாட்டிலையும் எடுத்துப் போய் ஒன்றாகச் சாயக்குழியில் கொட்டினார். உயிரோடு இருந்ததையும்.

அம்மா பார்த்துவிட்டாள். நூல் கழிகளுக்குப் பின்னால் நான் நின்றது இருவருக்கும் தெரியாது.

"செத்துப்போச்சா?"

"ஆங்."

"பெரியவ தெனம் நாலு கொடம் சேந்திக்கினு போறா."

நைனா காலிப் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்தார்.

"தெருவுல சொல்லு."

"சொன்னா பட்டறைய மூடச் சொல்லுவானுங்க. ரெண்டு வருசமா எங்களுக்கு இதத்தான் ஊத்துனியான்னு கேப்பானுங்க. இன்னா பதில் சொல்லட்டும்?"

"போன வருசம் பெரியவளுக்கு..."

"அதப் பேசாதே" என்றார் நைனா. அவர் குரல் அப்படி உடைந்து அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்தபோது தெருவே கிணற்றடியில் நின்றது. கிணற்றுச் சுவரில் மஞ்சள் பூசி, குங்குமத்தில் மூன்று வேல். நடுவில் அம்மா, ஈரப் புடவையோடு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு.

"சாமி கனவுல வந்தாரு. மலையில இருந்து எறங்கி வந்து இதுல குளிச்சாரு. இனிமே இந்தத் தண்ணியில மனுசன் வாய் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

எதிர்வீட்டு அத்தை லேசில் விடுகிறவள் இல்லை. "எந்தப் பக்கமா எறங்கினாரு?"

"கெழக்கால."

"மயிலு?"

"மேலயே நின்னுகினு இருந்துச்சு."

அத்தை ஒரு கணம் அம்மாவின் கண்ணையே பார்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் நம்பினாளா, இல்லை புரிந்துகொண்டாளா? அதுவும் என் தீராத சந்தேகங்களில் ஒன்று.

அன்றிலிருந்து ஒருவரும் அதைக் குடிக்கவில்லை. ஐந்து வீட்டுப் பெண்களும் மலையடிவாரம் போய்த் தண்ணீர் சுமந்தார்கள். குழி ஆண் தோண்டியது, குடம் பெண் தூக்கியது. அக்காவுக்குத் தை மாசம் பெண் பிறந்தது, பிழைத்தது. பின்னால் ஒரு பையனும். நைனா பட்டறையை நிறுத்தவில்லை. குடிக்கிற வாய் இல்லாதபோது குழிக்கு என்ன கவலை? இன்னும் பல வருஷம் பச்சையும் நீலமும் அந்த மண்ணில் இறங்கின. தண்ணீர் கெடக் கெடக் கிணற்றின் மகிமை வளர்ந்தது. கம்பிக்கதவு வந்தது, பளிங்குக்கல் வந்தது, கிருத்திகைக்கு விளக்கு வந்தது. அம்மா எங்களைக் காப்பாற்றினாள். தண்ணீரைக் காப்பாற்ற வந்தவரை நாங்கள் பள்ளிப்பட்டுக்கு அனுப்பியிருந்தோம்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றைச் சுற்றிப் பச்சைத் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள். இயற்கைக் கல்வியாம். பிள்ளைகளை மரத்தடிக்கும் நீர்நிலைக்கும் அழைத்துப் போனால் மனிதனுக்கும் பூமிக்கும் இருக்கிற பகை ஆறும் என்கிறார்கள். ஆறலாம். மரத்தடியில் உட்கார்ந்து என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. தன் வீட்டுக் கொல்லைக் குழியை எட்டிப் பார்க்கச் சொல்லாத எந்தப் பாடத்தின்மீதும் எனக்கு நம்பிக்கை கிடையாது.

அழைத்து வந்த இளைஞர் நல்லவராகத்தான் தெரிந்தார். "பாத்தீங்களா பசங்களா, நம்ம முன்னோர்கள் தண்ணியைச் சாமியா நெனச்சுக் காப்பாத்தினாங்க. அவங்க படிக்காமலே தெரிஞ்சு வச்சிருந்தாங்க" என்றார். கம்பிக்கதவைத் திறந்து அக்கா மகன் ஒரு சொம்பு சேந்தினான். வாய் வைக்கக் கூடாது என்ற கட்டளை எப்போதோ மறந்துபோய், இப்போது அது தீர்த்தமாம். பிள்ளைகள் வரிசையாகக் கை நீட்டினார்கள். முன்னால் நின்ற சிறுமி உள்ளங்கையைக் குவித்து வாங்கி, வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். பலமாகவே பட்டுவிட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நின்ற இடத்திலேயே சொன்னேன். என் நைனாவின் பட்டறை, குழி, பாட்டில், சொம்பு, நான் சொன்ன பொய், அம்மா கண்ட கனவு, எல்லாவற்றையும். இப்போது இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் குடிக்காதீர்கள் என்றேன்.

"சித்தி, இன்னா பேச்சு இது?" என்றான் அக்கா மகன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நாலு பேர் எதிர்ல தாத்தா பேர இழுக்காதே. ஒனக்கு ஒடம்பு சரியில்ல, உள்ள வா."

இளைஞர் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார். அவர் புன்னகை அப்படியே இருந்தது. எடுத்து வைக்க இடம் தெரியாத சாமான் மாதிரி. பிள்ளைகள் நகர்ந்தார்கள். அந்தச் சிறுமி நகரவில்லை. சிவந்த கையைத் தேய்த்துக்கொண்டே, என்னைக் கொஞ்சமும் நம்பாத கண்ணோடு கேட்டாள்.

"அந்த டீச்சர் பேரு இன்னா?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. வகுப்பில் டீச்சர். தெருவில் கடியாரக்காரி. புகாரில் மேற்படி ஆசிரியை. அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாது என்றேன். "அப்போ பொய்யி" என்று சொல்லிவிட்டுச் சிறுமி தன் வரிசைக்கு ஓடிவிட்டாள்.

உங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தது உங்களில் ஒருவர்தான். அதில் அவர் தினமும் கையெழுத்துப் போட்டார். யோசித்துப் பார்த்து எழுதுங்கள். தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள், நான் நம்ப மாட்டேன்.